சம்பந்தி வீட்டு மோர்மிளகாய்

போன வருஷம் வைகாசியில் மகன் சிங்கப்பூருக்குத் திரும்பிப் போகும்போது பெட்டியில் எடை கூடிவிட்டது. பெட்டியை மாட்டித் தூக்கிப் பார்க்க ஒரு சின்னத் தராசு வைத்திருக்கிறான். தூக்குவான், முகத்தைச் சுளிப்பான், கீழே வைத்து எதையாவது வெளியே எடுப்பான். மருமகளின் பட்டுப்புடவை வெளியே வந்தது. பேரனின் மரப்பொம்மைக் கார் வெளியே வந்தது. அப்படியும் எடை இறங்கவில்லை. அடுத்து அவன் கைக்கு வந்தவை இரண்டு மோர்மிளகாய்ப் பொட்டலங்கள். ஒன்று நான் போட்டது. மற்றது மன்னார்குடியிலிருந்து சம்பந்தி, அதாவது மருமகளைப் பெற்ற அம்மாள், கொடுத்தனுப்பியது. இரண்டையும் இரண்டு கையில் ஏந்திப் பார்த்தான். என்னுடையதை மேசைமேல் வைத்துவிட்டு அவருடையதைத் துணிகளுக்கு நடுவில் செருகினான்.

"ரெண்டும் ஒண்ணுதானம்மா. இது போதும்" என்றான்.

இரண்டும் ஒன்றுதான் என்றால் என்னுடையதை எடுத்துப் போயிருக்கலாமே. இதை நான் கேட்கவில்லை. வாய் திறந்து அப்படியெல்லாம் கேட்டு எனக்குப் பழக்கமில்லை. மூன்று பேரும் காரில் ஏறினார்கள். கையை ஆட்டினேன். உள்ளே வந்து அந்தப் பொட்டலத்தைப் பிரித்து டப்பாவில் கொட்டினேன்.

மத்தியானம் வீட்டுக்காரர் தயிர்சோற்றுக்கு உட்கார்ந்துகொண்டு, "ரெண்டு மோர்மொளகா வறுத்து வையேன்" என்றார்.

"மன்னார்குடிக்குப் போயி தின்னுட்டு வாங்க" என்றேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். "இப்ப நான் என்ன கேட்டுட்டேன்? எம்மேல ஏன்டி எரிஞ்சு விழுற?"

வறுத்து வைத்தேன். நன்றாகத்தான் இருக்கிறது என்று சொன்னார். அவர் சொன்னால் போதுமா?

சம்பந்தியைப் பற்றிச் சொல்ல வேண்டும். நல்லவர். அதுதான் எனக்குக் கஷ்டமே. குறை சொல்லும்படி ஏதாவது இருந்தால் மனசு கொஞ்சம் ஆறும். எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் அடுப்படிவரை பேசிக்கொண்டே வருவார். ஆண்கள் இருக்கிறார்கள், பெரியவர்கள் இருக்கிறார்கள் என்று பார்க்க மாட்டார். என் மகன் அவரிடம் பேசினால் சிரித்துக்கொண்டேதான் பேசுவான். ஞாயிற்றுக்கிழமை போனில் எல்லார் முகமும் கட்டம் கட்டமாகத் தெரியும்படி கூப்பிடுவான். என்னிடம், "என்னம்மா, சாப்டியா? முட்டிவலி எப்படி இருக்கு? அப்பா எங்க?" என்பான். சாப்பிட்டேன், பரவாயில்லை, இதோ இருக்கிறார். எங்கள் பேச்சு அவ்வளவுதான். நான் முந்தானையைச் சரிசெய்துகொண்டு ஒதுங்கிவிடுவேன். அந்தக் கண்ணாடிக்குள் என் முகத்தை நானே பார்க்கக் கூச்சமாக இருக்கும்.

அப்புறம் சம்பந்தியின் குரல் வரும். "மாப்ள! என்ன மாப்ள, எளச்சுப் போயிட்டீங்க? எம்பொண்ணு சோறு போடுறாளா, இல்ல போட்டோ எடுத்துக் காட்டிட்டு அவளே தின்னுடுறாளா?"

"போட்டோ மட்டுந்தான் அத்தை" என்பான் அவன். எல்லாரும் சிரிப்பார்கள். அந்த மாதிரி ஒரு சிரிப்பு அவன் வயிற்றில் இருக்கிறது என்பதே அவன் கல்யாணத்துக்குப் பிறகுதான் எனக்குத் தெரியும்.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் அவன் சொன்னான். "அத்தை, ஆபீஸ்ல எல்லாரும் உங்க மோர்மொளகாயத்தான் கேக்குறாங்க. சொந்தச் செடியில பறிச்சுப் போட்டா அந்த ருசியே தனி."

அவர் உடனே போனைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போய்ச் செடிகளைக் காட்டினார். சாக்குப் பைகளில் வரிசையாக நின்றன. தஞ்சாவூர்ப் பக்கத்துக் குடமிளகாய். ஓட்டலில் போடுகிற பெரிய பச்சைக் குடைமிளகாய் இல்லை. இது கட்டைவிரல் அளவில், குண்டாக, அடி பருத்துத் தொங்கும். மோர்மிளகாய்க்கு அதுதான் வாகு. சதை மோரை உறிஞ்சும், காரம் அளவாக இருக்கும். நான் அத்தனை வருஷமும் நீடாமங்கலத்தில் காய்கறிக் கடையில் வாங்கித்தான் போட்டேன். சில சமயம் குடமிளகாய் கிடைக்காது, நீட்டு மிளகாயிலேயே போட்டிருக்கிறேன்.

அப்போது எனக்கு ஒரு தெம்பு வந்தது. கைப்பக்குவத்தில் இல்லை, செடியில்தான் இருக்கிறது விஷயம். செடி வைத்தால் போயிற்று. எங்களுக்கும் மாடி இருக்கிறது.

சம்பந்தியிடம் கேட்டிருந்தால் ஒரு பை நிறைய விதை கொடுத்திருப்பார். நாற்றாகவே கொண்டுவந்து நட்டும் கொடுத்திருப்பார். அப்புறம் ஞாயிற்றுக்கிழமை, "சம்பந்திக்கு நாந்தான் மாப்ள வெச்சுக் குடுத்தேன்" என்று சொல்வார். அது எனக்கு வேண்டியதில்லை. அவர் எங்களுக்கென்று கொடுத்திருந்த மோர்மிளகாய் டப்பாவில் கொஞ்சம் மீதி இருந்தது. நாலைந்தை உடைத்தேன். உள்ளே விதை மஞ்சளாக, கெட்டியாக, நன்றாகத்தான் இருந்தது. பேரன் ஐஸ்கிரீம் தின்றுபோட்ட டப்பாவில் அடியில் ஓட்டை போட்டு, மண்ணும் எருவும் கலந்து, தூவினேன். தினமும் தண்ணீர் தெளித்தேன். அந்த ஆவணி முழுக்க டப்பாவில் ஒரு பச்சைப் புள்ளி தெரியவில்லை.

வீட்டுக்காரர் ஒருநாள் பல் குச்சியோடு வந்து எட்டிப் பார்த்தார். "என்ன வெத போட்ருக்க?"

"மொளகா."

"எங்க வாங்குன?"

நான் தண்ணீர் தெளித்தேன். அவர் பக்கத்தில் கிடந்த வற்றல் தோலைப் பார்த்துவிட்டார். முதலில் அவருக்குப் புரியவில்லை. புரிந்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"அடிப் பாவி! உப்புல ஊறி, மோர்ல ஊறி, வெயில்ல காஞ்ச வெதடி இது. இது மொளச்சா, நான் கருவாட்டக் கொண்டுபோயி ஆத்துல விடுறேன், நீந்துதான்னு பாப்போம்."

மூன்று தலைமுறையாக விதைநெல் காப்பாற்றி வைக்கிற வீடு. எனக்குத் தெரியாதா, உப்புப் பட்ட விதை முளைக்காது என்று? தெரியும். ஆனால் அந்த மிளகாயைக் கையில் எடுத்தபோது எனக்கு அது தோன்றவில்லை. அது சம்பந்தியுடையது, அதிலிருந்து வந்தால் அதே மாதிரி வரும் என்பது ஒன்றுதான் தோன்றியது.

ஐப்பசியில் மன்னார்குடி கோயிலுக்குப் போனோம். சம்பந்தி வீடு தெப்பக்குளத்துக்கு இரண்டு தெரு தள்ளி. போகலாமா என்றார் வீட்டுக்காரர். மழை வருகிறது, இன்னொரு நாள் வரலாம் என்று சொல்லிவிட்டு, குடையைத் தாழ்த்திப் பிடித்துக்கொண்டே கடைத்தெருவுக்குப் போனேன். எதிரில் வருகிற பெண்கள் எல்லாரும் சம்பந்தி மாதிரியே தெரிந்தார்கள். மூலையில் ஒரு அம்மாள் படுதாவுக்குக் கீழே குடமிளகாய் குவித்திருந்தார். நான் குனிந்து பச்சையெல்லாம் தள்ளிவிட்டுச் சிவப்பாகப் பழுத்ததைத் தேடினேன்.

"பழுத்தத கழிச்சுத்தாம்மா எடுப்பாங்க. நீங்க என்ன பழுத்ததாப் பொறுக்குறீங்க?"

"வெதைக்கு" என்றேன்.

"அதுக்கு ஏன் இப்படிப் பதுங்குறீங்க? திருடவா வந்தீங்க?" என்று சிரித்துவிட்டு அவரே நல்ல பழமாக நாலு எடுத்துப் போட்டார்.

பழங்களைக் கீறி, விதையைச் சாம்பலில் புரட்டி, நிழலில் காயவைத்தேன். கார்த்திகை அடைமழை ஓய்ந்த பிறகு விதைத்தேன். இந்தத் தடவை சீக்கிரமே மண் விரிந்தது. கொக்கி மாதிரி வளைந்து, தலையில் விதைத்தோலை மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாக எழுந்தன. நான் வீட்டுக்காரரிடம் சொல்லவில்லை. அவரே பார்த்துவிட்டு, நான் உறவுக்காரர் வீட்டுக்குப் போயிருந்த அன்று, நல்லது செய்கிறேன் என்று டப்பாவில் தண்ணீரை நிறுத்தி வைத்திருந்தார். நாற்றங்காலில் நெல்லுக்கு நிறுத்துவது போல. நான் வந்து பார்த்தபோது பாதி நாற்று அடித்தண்டு அழுகிச் சாய்ந்து கிடந்தது.

"நாத்துன்னா தண்ணி நிக்க வேணாமா?" என்றார்.

"இது நெல்லு இல்லீங்க."

"அத டப்பா மேல எழுதி ஒட்டியிருக்கணும்."

மீதி இருந்ததை ஒரு குழந்தையைப் போல இடுப்பில் வைத்துக்கொண்டு வெயில் இருக்கிற இடமாகப் பார்த்துப் பார்த்து மாற்றினேன். எங்கள் மண் களிமண். ஈரத்தைப் பிடித்தால் விடாது, காய்ந்தால் பாளம் பாளமாக வெடிக்கும். மிளகாய் வேருக்கு இரண்டும் ஆகாது. வாய்க்கால் ஓரத்து வண்டலும், மக்கின எருவும், கொஞ்சம் உமியும் கலந்து அரிசிச் சாக்குகளில் நிரப்பினேன். மாடிப்படி ஏற என் முட்டி ஒத்துக்கொள்ளாது. கால் வாளி கால் வாளியாகத்தான் மண் ஏற்றினேன். பொங்கல் முடிந்து, வீட்டுக்காரர் சம்பா அறுவடையில் கிடந்த நேரத்தில், ஒரு சாயங்காலம் நாற்றுகளைப் பிடுங்கி நட்டேன்.

மறுநாள் காலையில் மயில் வந்தது. இப்போதெல்லாம் எங்கள் பக்கம் மயில் கோழியைப் போலத் திரிகிறது. நாலு செடியின் குருத்தை நறுக்கென்று கொத்தித் தின்றுவிட்டுக் கைப்பிடிச் சுவரில் நின்று என்னைப் பார்த்தது. பழைய நைலக்ஸ் புடவைகளைக் கிழித்துச் சுற்றிக் கட்டினேன். தெருவில் போகிறவர்கள், மாடியில் என்ன விசேஷம் என்று கேட்டார்கள். துணி காயுது என்றேன்.

தண்ணீர் ஊற்றும்போதெல்லாம் எனக்குள் ஒரே பேச்சுதான். சம்பந்தியின் செடி இந்நேரம் எவ்வளவு உயரம் இருக்கும்? குடும்பத்துக்கென்று வாட்ஸ்அப்பில் ஒரு குரூப் இருக்கிறது. நான் ஐந்தாவதுவரை படித்தவள், வந்ததைப் படித்துவிடுவேன், பதில் எழுதமாட்டேன். அதில் சம்பந்தி செடிகளைப் படமெடுத்துப் போட்டுக்கொண்டே இருப்பார். மாசி தொடங்கியதும் அவர் செடியில் பூ வந்துவிட்டது. வெள்ளையாக, தலைகுனிந்து, கொத்துக் கொத்தாக. கீழே மகன் ஒரு இதயம் போட்டிருந்தான். மருமகள் ஒன்று. என் வீட்டுக்காரரும் ஒன்று போட்டிருந்தார்.

"நீங்க எதுக்குப் போட்டீங்க?"

"விரல் பட்டுருச்சு."

"படாத விரலே இல்ல உங்களுக்கு" என்றேன். மாடிக்குப் போய் என் செடிகளைப் பார்த்தேன். பச்சைப்பசேலென்று நின்றன. பூ ஒன்றுகூட இல்லை. போட்டிக்கு நிற்பது நானும் சம்பந்தியும். அதற்குச் செடி என்ன செய்யும்? ஆனாலும் கோபம் செடிமேல் வந்தது.

அப்புறம் என் செடியிலும் பூத்தது. பூத்த வேகத்தில் உதிரவும் உதிர்ந்தது. புளித்த மோரில் பெருங்காயம் கரைத்து, வடிகட்டி, காலை வெயில் ஏறுவதற்கு முன் இலை நனையத் தெளித்தேன். இலையைத் திருப்பித் திருப்பிப் பூச்சி பார்த்தேன். வேப்பிலையை ஊறவைத்துப் பிழிந்து அதையும் தெளித்தேன். கொஞ்சம் கொஞ்சமாகப் பூ நின்றது. பூ வாடின இடத்தில் மிளகு அளவு ஒரு பச்சை மணி. அடுத்த வாரம் அது புளியங்கொட்டை அளவு ஆனது. நான் தொடவில்லை. கண் பட்டுவிடும் என்று வீட்டுக்காரரைக்கூட மாடிக்கு ஏறவிடவில்லை.

பங்குனிக் கடைசியில் ஒருநாள் குரூப்பில் சம்பந்தியின் குரல் வந்தது. வழக்கமான குரல் இல்லை. "மாப்ள, செடி பூராவும் சுருட்டை விழுந்துருச்சு. எலயெல்லாம் முறுக்கிக்கிச்சு, பிஞ்சு அப்படியே வெம்பிப் போச்சு. இன்னைக்குத்தான் அத்தனையும் புடுங்கிப் போட்டேன். இந்த வருஷம் உங்களுக்கு மோர்மொளகா இல்ல."

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை இரண்டாம் தடவையும் போட்டுக் கேட்டேன். அன்று அடுப்படியில் எனக்குத் தெரியாமலே ஏதோ முணுமுணுத்துப் பாடிக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது. "என்னடி, பாட்டெல்லாம்?" என்று வீட்டுக்காரர் வந்து எட்டிப் பார்த்தார்.

என் செடிகள் காய்த்துத் தொங்கின. கிளை வளைந்து சாக்கின் விளிம்பில் இடித்தது. நல்ல வெயில் வரட்டும், பறித்துப் போடலாம் என்று காத்திருந்தேன். இந்த வைகாசிக்கு அவன் பெட்டியில் ஒரே ஒரு பொட்டலம்தான் இருக்கும். அது என்னுடையதாக இருக்கும். அவன் ஆபீசில் கேட்டால், எங்க அம்மா போட்டது என்று சொல்வான். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

ஒரு வாரம்கூட ஆகியிருக்காது. காலையில் வாசலில் ஆட்டோ சத்தம். சம்பந்தி இறங்கினார். மன்னார்குடியிலிருந்து பஸ்ஸில் வந்து, நீடாமங்கலத்தில் ஆட்டோ பிடித்திருக்கிறார். கையில் பெரிய வயர்கூடை, அதில் பூவும் பழமும்.

"வாங்க, வாங்க" என்றேன்.

"வந்துட்டேன் சம்பந்தி. ஒரு பிச்சை கேட்டு வந்துருக்கேன்."

"என்னங்க இது, இப்படியெல்லாம் பேசுறீங்க?"

"அண்ணன் சொன்னாரே, நீங்க மாடியில குடமொளகா வெச்சிருக்கீங்கன்னு. கொஞ்சம் குடுங்களேன். மாப்ளக்கு வருஷா வருஷம் போட்டுக் குடுத்துட்டு இந்த வருஷம் வெறுங்கையா இருந்தா எனக்குத் தூக்கம் வராது. கடையில வாங்கிப் போட மனசு கேக்கல."

நான் வீட்டுக்காரரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் போனை எடுத்து மடியில் செருகிக்கொண்டிருந்தார். "தாராளமா எடுத்துக்கங்க தங்கச்சி! காச்சுத் தொங்குது. எங்க ரெண்டு பேருக்கு எதுக்கு அவ்வளவு?"

தாராளம். இவர் ஒரு வாளி மண் தூக்கவில்லை, பாதி நாற்றைத் தண்ணீரில் முக்கிக் கொன்றவர், தாராளமாம். என்ன சொல்லித் தட்டலாம்? இன்னும் பருவம் வரவில்லை என்று சொல்லலாம். மருந்து அடித்திருக்கிறது என்று சொல்லலாம். ஆனால் பூவும் பழமும் கொண்டு வாசலில் நிற்கிற சம்பந்தியிடம் இல்லை என்று சொல்ல எந்த வாயால் முடியும்? என் செடியில் பறித்து, அவர் கையால் ஊறி, அத்தை மோர்மிளகாய் என்று பெயரோடு அது கப்பலேறப் போகிறது. நினைத்தபோதே அடிவயிறு பற்றி எரிந்தது.

மாடிக்குப் போனோம். அவர் புடவைத்துணி மறைப்பை விலக்கிப் பார்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அவர் பேசாமல் நின்று நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"சம்பந்தி," என்றார் பிறகு. "எங்க வீட்டுல ஒரு வருஷம்கூட இப்படிக் காச்சதில்ல. என்ன போட்டீங்க?"

"ஒண்ணுமில்ல. மோருதான்."

"இவ்வளவையும் வளத்துட்டுக் குரூப்புல ஒரு போட்டோ போடாம இருந்தீங்களே! நானா இருந்தா சூம் பண்ணிச் சூம் பண்ணிப் போட்டு எல்லாரையும் கொன்னுருப்பேன்."

இருவரும் பறித்தோம். காம்போடு, கிளை முறியாமல். ஒரு கூடை நிறைந்தது. அதில் பாதிக்குமேல் எடுத்து வேறொரு முறத்தில் கொட்டி, அவருக்கு முன்னால் தரையில் வைத்தேன். உப்பு, மிளகாய் இரண்டையும் எங்கள் பக்கம் கைக்குக் கை கொடுக்கமாட்டோம். கொடுத்தால் இரண்டு பேருக்கும் சண்டை வரும் என்பார்கள். கீழே வைத்தால் எடுத்துக்கொள்வார்கள்.

அவர் எடுக்கவில்லை. இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நின்றார்.

"கையில குடுங்க சம்பந்தி. சண்ட வந்தா வரட்டும். புள்ளைங்க கல்யாணம் ஆயி இத்தன வருஷத்துல நமக்குள்ள ஒரு சண்டகூட வரல. அதுவே எனக்கு என்னமோ போல இருக்கு."

அவர் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் கண் என்னையே பார்த்தது. என் மனசு இவருக்குத் தெரிந்திருக்கிறது. எத்தனை நாளாகத் தெரியும், எதை வைத்துத் தெரிந்தது, ஒன்றும் புரியவில்லை. குனிந்து முறத்தை எடுத்து அவர் கையில் கொடுத்தேன்.

"குடுத்துட்டீங்க," என்றார். "இனி எதுவா இருந்தாலும் நேரா திட்டிருங்க. உள்ளயே வெச்சிக்கிட்டு, காப்பிய மட்டும் டக்குன்னு வெக்காதீங்க."

போன தடவை வந்திருந்தபோது காப்பி டம்ளரை நான் டக்கென்று வைத்திருக்கிறேனாம். எனக்கு ஞாபகமே இல்லை.

அதையெல்லாம் பஸ்ஸில் தூக்கிக்கொண்டு போவதைவிட இங்கேயே போட்டுவிடலாம் என்றார் அவர். "தயிரு உங்ககிட்ட நல்லா புளிச்சிருக்கு. ஒரே பானையில போடுவோம்." எனக்கு அது பிடிக்கவில்லை. தனித்தனியாக இருந்தால் எது யாருடையது என்று ஒரு கோடாவது இருக்கும். ஒரே பானையில் போட்டால்? ஆனால் அவர் அதற்குள் அரிவாள்மணையைத் தேடி உட்கார்ந்துவிட்டார்.

காய்களைக் கழுவித் துடைத்து, காம்பைப் பாதியாக நறுக்கி, அடியில் ஒரு கீறல் போட்டோம். நான் தயிரைக் கெட்டியாகச் சிலுப்பினேன். உப்பு ஜாடியை நான் எடுப்பதற்குள் அவர் எடுத்துவிட்டார். நான் கண்ணை எடுக்காமல் பார்த்தேன். அவர் கை பெரியது. ஒரு பிடி போட்டார், நிறுத்தி மோரை நாக்கில் வைத்துப் பார்த்தார், இன்னும் அரைப்பிடி. அதற்குப் பிறகு வறுத்துப் பொடித்த வெந்தயம். நான் வெந்தயம் போட்டதே இல்லை. இதுதானா என்று நினைத்தேன். செடி வைத்து, மண் சுமந்து, மயிலோடு சண்டை போட்டு, கடைசியில் ஒரு கரண்டி வெந்தயமா?

காய்களை மோருக்குள் அமுக்கிக்கொண்டே அவர் சொன்னார். "எம்பொண்ணு எனக்குப் போன் பண்றதவிட உங்களுக்குத்தான் அதிகமாப் பண்றா, தெரியுமா?"

"சும்மா பேசுவா" என்றேன்.

"என்ன பேசுவா?"

யோசித்தேன். மருமகள் புதன், வியாழன் என்று நடுவில் கூப்பிடுவாள்தான். ஆபீஸில் யாரோ ஏசியது, பிள்ளைக்குக் காய்ச்சல், உடம்பு அசதி என்று சொல்வாள். நான் உம் போடுவேன். வேறென்ன?

"எங்கிட்ட எதுவும் சொல்ல மாட்டேங்குறா சம்பந்தி. சொன்னா நான் ஒரு மணி நேரம் புத்தி சொல்லுவேனாம். 'எங்க அத்தை கேட்டுக்குவாங்கம்மா, ஒண்ணும் சொல்ல மாட்டாங்க' அப்படீங்குறா. பெத்தவ எங்கிட்டயே சொல்றா. எனக்கு எப்படி இருக்கும்?"

அவர் முகத்தைப் பார்த்தேன். விளையாட்டு இல்லை. அவருக்காக நான் வருத்தப்பட்டிருக்க வேண்டும். கொஞ்சம் பட்டேன். அதைவிட அதிகமாக, நெஞ்சுக்குள் ஜில்லென்று இருந்தது. இந்த அம்மாளுக்கு என்னைப் பார்த்து வயிறு எரிகிறது! அன்று அவருக்கு மத்தியானம் வடையும் சுட்டுப் போட்டேன்.

அவர் சாயங்கால பஸ்ஸில் போய்விட்டார். மீதி வேலை எல்லாம் என்னுடையது. காலையில் காய்களை மோரிலிருந்து எடுத்து மாடியில் பரப்ப வேண்டும். சாயங்காலம் திரும்ப அதே மோரில் போட வேண்டும். மோர் முழுவதும் காய்க்குள் இறங்கும்வரை இதேதான். பிறகு கலகலவென்று சத்தம் வரும்வரை காயவேண்டும். சித்திரை வெயிலில் மாடித்தரை உள்ளங்காலைச் சுட்டது. காக்கை வராமல் கறுப்புக் குடையை விரித்து நட்டுவிட்டுப் படிக்கட்டிலேயே உட்கார்ந்திருப்பேன். ஒவ்வொரு நாளும் அதே கணக்குத்தான் மனசில் ஓடும். விதை என்னுடையது. செடி என்னுடையது. தயிர் என்னுடையது. வெயிலில் காய்ந்தது நான். உப்பு அவருடையது. வெந்தயம் அவருடையது. அவனிடம் போய்ச் சேரும்போது இது யாருடையது?

வைகாசியில் மகனும் மருமகளும் பேரனும் வந்தார்கள். முதல்நாள் மத்தியானம் தயிர்சோறு பிசைந்து, மோர்மிளகாயை எண்ணெயில் கருக விடாமல் வறுத்து, தட்டோரத்தில் வைத்தேன். அடுப்படி நிலையில் சாய்ந்து நின்றேன். அவன் ஒன்றை எடுத்துக் கடித்தான். மொறுக்கென்ற சத்தம் எனக்குக் கேட்டது. கண்ணை மூடிக்கொண்டு மென்றான். இன்னொன்று எடுத்தான்.

"அடடா, இதுதான்மா," என்றான். "அத்தை குடுத்தனுப்பிட்டாங்களா? செடி போச்சுன்னாங்களே!"

வீட்டுக்காரர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். நான் முந்திக்கொண்டேன். என் குரல்தானா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது.

"செடி என்னுது. வெதச்சது நான், மண்ணு சொமந்தது நான். தயிரு என்னுது. சித்திர வெயில்ல மாடியில காயவெச்சு, காக்கா வெரட்டுனது நான். உப்பும் வெந்தயமும் உங்க அத்தை போட்டாங்க. அவ்வளவுதான் அவங்களுது."

மருமகள் பேரனுக்கு ஊட்டிக்கொண்டிருந்த கையை அப்படியே நிறுத்திவிட்டாள். வீட்டுக்காரர் தட்டைப் பார்த்தார். சொல்லி முடித்ததும் உடம்பெல்லாம் வெட்கம் பிடுங்கியது. அடுப்படிக்குள் போய்விடலாம் என்று திரும்பினேன்.

"அம்மா," என்றான் மகன். "செடி இன்னும் இருக்கா?"

கையைக் கழுவிக்கொண்டு என் பின்னாலேயே மாடிக்கு வந்தான். வெயிலில் செடிகள் களைத்துப்போய், அடி இலை பழுத்து நின்றன. உச்சியில் நாலைந்து காய் இருந்தது. அவன் ஒரு சாக்கின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து இலையைத் தொட்டான். "எப்படிம்மா வளத்த?" என்று கேட்டான். நான் சொன்னேன். சாம்பலில் புரட்டியதைச் சொன்னேன். அப்பா நாற்றைத் தண்ணீரில் முக்கியதைச் சொன்னேன். மயில் கைப்பிடிச் சுவரில் நின்று பார்த்ததைச் சொன்னேன். அவன் கேட்கக் கேட்க எனக்கு நிறுத்த வரவில்லை. முதன்முதலில் அத்தை கொடுத்த மோர்மிளகாயை உடைத்து விதை எடுத்துப் போட்டதையும் சொல்லிவிட்டேன்.

"மோர்மொளகாயிலேர்ந்தா?" என்றான். அவ்வளவுதான், சாக்கைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அந்தச் சிரிப்பு. ஞாயிற்றுக்கிழமைகளில் நான் ஒதுங்கி நின்று கேட்டுக்கொண்டிருந்த அதே சிரிப்பு. கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தான். எனக்கும் வந்துவிட்டது.

பிறகு எழுந்து, "அங்க நில்லும்மா, செடிக்குப் பக்கத்துல" என்று போனை எடுத்தான். நான் முந்தானையைச் சரிசெய்துகொண்டு நின்றேன். எடுத்தவுடன் அவன் கட்டைவிரல் அதில் ஓட ஆரம்பித்தது.

"யாருக்கு அனுப்புற?"

"அத்தைக்குத்தான்மா."

"அதுக்குள்ள அங்க என்ன அவசரம்? மொதல்ல நான் பாக்க வேணாமா?"

அவன் நிமிர்ந்து பார்த்தான். அவன் முகத்தில் ஒன்று மெதுவாக விரிந்தது. "அம்மா! உனக்குப் பொறாமையாம்மா?"

"ஆமாடா," என்றேன். "பொறாமதான்."

தெருவரைக்கும் கேட்டிருக்கும். அவன் வாயைத் திறந்தபடி நின்றான். பிறகு குனிந்து போனைப் பார்த்தான். பார்த்துச் சிரித்துக்கொண்டே தட்டினான்.

"இதையும் கொண்டுபோயி உங்க அத்தைக்குச் சொல்லிடாத" என்றேன்.

அதற்குள் சொல்லிவிட்டிருந்தான்.